"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டர்": மருத்துவ அறக் கோட்பாடுகளுக்கு ஓர் அறிமுகம்

பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. 68 வயதுப் பெரியவர் வெளியே பெஞ்சில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்பாக மகன் மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்துகிறார். "டாக்டர், எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம். தெரிஞ்சா மனசு விட்டுடுவார்."

காட்சி நான் கற்பித்துக்கொண்டதுதான். ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டாலும் இது அவருக்குப் பழகிய வசனமாக இருக்கும். பதில் சொல்ல அவருக்குக் கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் பெரியவரே கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

மருத்துவ அறம் பற்றிய பாடப்புத்தகங்களில் பயன்வாதம், கடமைவாதம், நற்பண்பு அறம், நான்கு கோட்பாடுகள் என்று அத்தியாயங்கள் வரிசையாக நிற்கும். 2019-இல் இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது, நோயாளியிடம் பேசும் முறையையும் அறத்தையும் சேர்த்து 'ஏட்காம்' என்று ஒரு பகுதியையே வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் வரிசையாகப் படித்தால் பரீட்சைக்குத்தான் உதவும். அந்த மகனை அறைக்குள் நிறுத்திவைத்துக்கொண்டு படித்தால்தான் ஒவ்வொரு கோட்பாடும் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று தெரியும். ஒன்றின் கண்ணுக்கு மகன் தெரிவார், இன்னொன்றுக்கு அப்பா தெரிவார், மற்றொன்றுக்கு வெளியே டோக்கனோடு காத்திருக்கும் மீதி 40 பேர் தெரிவார்கள்.

முதலில் மகனுக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர் கேட்பதை 'நம்மூர் வழக்கம்' என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவ வரலாற்றின் பெரும்பகுதி அவர் பக்கம்தான் நிற்கிறது. ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் ஒன்று, வைத்தியம் பார்க்கும்போது பெரும்பாலானவற்றை நோயாளியிடமிருந்து மறைத்துவிடு, வரப்போவதைப் பற்றி வாய் திறக்காதே என்று மருத்துவருக்குப் புத்தி சொல்கிறது. சரக சம்ஹிதையில் மாணவர் ஏற்க வேண்டிய உறுதிமொழியிலும் இது உண்டு: நோயாளியின் ஆயுள் முடியப்போகிறது என்று தெரிந்தாலும், சொன்னால் அவருக்கோ மற்றவர்களுக்கோ அதிர்ச்சியாகும் என்ற இடத்தில் சொல்லாதே. இங்கிலாந்தில் தாமஸ் பெர்சிவல் 1803-இல் எழுதிய மருத்துவ அற நூல், மருத்துவர் இருண்ட செய்தியை முந்திக்கொண்டு சொல்லக் கூடாது என்றது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இல் தன் முதல் நெறிமுறையை எழுதியபோது அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டது.

ரொம்பப் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். 1979-இல் ராச்செஸ்டரில் அதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். இந்த முறை 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டே வருடங்களில் ஒரு நாட்டின் மருத்துவர்கள் இப்படித் தலைகீழாக மாறியதற்குச் சிகிச்சைகள் மேம்பட்டது ஒரு காரணம். இன்னொரு காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

மகனுக்குப் பயன்வாதம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. ஆனால் அவர் பேசுவது அதைத்தான். ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் விளைவை வைத்துத்தான் சொல்ல முடியும், எதைச் செய்தால் மொத்தத்தில் நன்மை கூடித் துன்பம் குறையுமோ அதைச் செய் என்பது இந்தக் கொள்கை. ஜெரமி பெந்தம் 1789-இல் இதை ஒரு முறையாக வகுத்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் அதைச் செப்பனிட்டார். உண்மை பேசுவது மனித சமூகத்துக்கே அஸ்திவாரம் என்று சொல்லும் மில், அந்த விதிக்கும் விலக்கு உண்டு என்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணங்கள் இரண்டு. ஒன்று, கெட்ட நோக்கத்தோடு வருபவனிடம் தகவலை மறைப்பது. மற்றது, கடும் நோயில் கிடப்பவரிடம் கெட்ட செய்தியை மறைப்பது. 1863-இல் புத்தகமாக வந்த அந்த எழுத்தை நம் மகன் படித்திருந்தால் மேசைமேல் எடுத்துப் போட்டிருப்பார்.

ஆனால் விளைவை எண்ணுவது என்று இறங்கிவிட்டால் முழுக்க எண்ண வேண்டும். அல்சர் என்று சொல்லப்பட்ட பெரியவரை நாளை கீமோ வார்டில் படுக்க வைப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் முடி கொட்டியவர் இருப்பார். மருத்துவமனைப் பெயர்ப் பலகையிலேயே நோயின் பெயர் எழுதியிருக்கும். 1954-இல் சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையால், பல ஊர்களில் 'அடையாறு' என்ற சொல்லே நோயின் பெயராகிவிட்டது. "அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றால் கேட்பவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். ஆக, பெரியவருக்குத் தெரிந்துவிடும். தனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ள முடியாமல் போய்விடும், அவ்வளவுதான். மகனுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், இரண்டு பேரும் அல்சருக்கு மோர் நல்லதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசுவார்கள். வீட்டுப் பத்திரம், பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி, கோயிலுக்கு நேர்ந்துகொண்டது என்று அவர் முடிக்க நினைத்த காரியங்களுக்கு எவ்வளவு நாள் மிச்சம் என்று கணக்குப் போட அவருக்கு வழியில்லை.

இதைவிடப் பெரிய செலவு அந்த வீட்டுக்கு வெளியே விழுகிறது. கெட்ட செய்தியை மருத்துவர்கள் மறைப்பார்கள் என்று ஊருக்கே தெரிந்திருந்தால் நல்ல செய்தியையும் யாரும் நம்ப மாட்டார்கள். "சாதாரணக் கொழுப்புக் கட்டிதாம்மா, ஒண்ணுமில்ல" என்று மருத்துவர் உண்மையாகவே சொல்லும்போது அந்த அம்மா மகளின் முகத்தைப் பார்க்கிறார், மகள் கண் கலங்கியிருக்கிறதா என்று. இதனால்தான் பயன்வாதிகளிலேயே ஒரு சாரார், ஒவ்வொரு செயலின் விளைவையும் தனித்தனியாக எடைபோடாதே, எல்லோரும் இதையே விதியாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார் என்கிறார்கள். மகன் தன் அப்பா ஒருவரை வைத்துக் கணக்குப் போடுகிறார். மருத்துவர் அப்படிப் போட முடியாது.

விளைவுக் கணக்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: எதை நன்மை என்று எண்ணுவது? 1960-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் நீண்டகால டயாலிசிஸ் புதிதாக வந்தபோது இயந்திரங்கள் மிகக் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஊர்ப் பொதுமக்களிலிருந்து ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. வயது, வருமானம், குழந்தைகள் எத்தனை, தேவாலயத்துக்குப் போகிறவரா என்பதெல்லாம் அவர்கள் பார்த்தவற்றில் இருந்தன. 1962-இல் பத்திரிகையில் இது வெளிவந்ததும் 'கடவுள் குழு' என்று பெயர் விழுந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை; சமூகத்துக்கு யாரால் அதிகப் பயன் என்று நேர்மையாகவே கணக்குப் போட்டார்கள். தங்களைப் போன்றவர்களே அதிகப் பயனுள்ளவர்கள் என்று கணக்கு முடிந்தது. 1972-இல் அமெரிக்க அரசு டயாலிசிஸ் செலவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்தத் தேர்வுக்கு வேலையில்லாமல் போனது.

சரி, கணக்கே வேண்டாம் என்றால்? அங்கேதான், விளைவு எதுவானாலும் செய்ய வேண்டியதைச் செய் என்னும் கடமைவாதத்தோடு ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் வருகிறார். 1785-இல் அவர் எழுதிய அடிப்படை நூலின் சாரம் இது: மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே, ஒவ்வொருவரும் தனக்குத் தானே இலக்கு. பொய் சொல்லும்போது எதிரிலிருப்பவர் யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். நல்லெண்ணத்தோடு பிடுங்கினாலும் பிடுங்கியதுதான். 1797-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அவர் எல்லைக்கே போய்விடுகிறார். உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைகாரன் வாசலில் வந்து நின்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாதாம். மில்லின் முதல் உதாரணத்தில் வரும் கெட்ட நோக்கக்காரனும் இவனும் ஏறக்குறைய ஒரே ஆள்தான். ஒருவர் அவனிடம் மறைக்கலாம் என்கிறார், மற்றவர் கூடாது என்கிறார்.

இந்தக் கொலைகாரன் கதையைக் காட்டியே காண்டைக் கேலி செய்து ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அவரிடம் பயனுள்ளதாகத் தெரிவது வேறு. பொய் சொல்லாதே என்பதும் எல்லாவற்றையும் சொல் என்பதும் அவருக்கு இரண்டு தனித்தனிச் சங்கதிகள். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். உண்மையெல்லாம் இப்போதே, இங்கேயே சொல்லப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவருக்கு இது பெரிய இடைவெளியைத் திறந்துவிடுகிறது. "அல்சர்தான், சரியாயிடும்" என்பது பொய். "முடிவு வந்திருக்கு, நீங்க நினைச்சதைவிடக் கொஞ்சம் பெரிய விஷயம், உட்கார்ந்து பேசலாமா?" என்பதில் பொய் எதுவும் இல்லை, முழுச் செய்தியும் இல்லை. மகன் கேட்பது முதலாவதை. மருத்துவர் இரண்டாவதைக் கொடுக்கலாம்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொரு குரல் கேட்காமல் இருக்காது. 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.' நம்மூரில் நோயை மறைக்கச் சொல்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் குறள் இது. மேலோட்டமாகப் படித்தால் வள்ளுவர் மில்லின் கட்சி. ஆனால் 'புரைதீர்ந்த' என்ற சொல்லை யாரும் அழுத்திப் படிப்பதில்லை. வெறும் நன்மை போதாது, குற்றம் சிறிதும் இல்லாத நன்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அதை வைத்து மகனின் வேண்டுகோளை உரசிப் பார்க்கலாம். மறைப்பதால் நன்மை யாருக்கு? அப்பா தாங்க மாட்டார் என்பது பல வீடுகளில் உண்மையாகவே, அப்பாவிடம் அதைப் பேச என்னால் தாங்க முடியாது என்பதன் மாற்று வடிவம். இதில் கேவலம் ஒன்றுமில்லை, மனித இயல்புதான். ஆனால் அந்தப் பொய்யால் கிடைக்கும் நிம்மதி மகனுக்குப் போய்ச் சேர்கிறது, விலையை அப்பா கொடுக்கிறார் என்றால் அதைப் புரைதீர்ந்தது என்று சொல்வது கஷ்டம்.

நற்பண்பு அறம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அரிஸ்டாட்டிலிலிருந்து வரும் அந்த மரபு, என்ன செய்வது என்று கேட்காமல், நல்ல மருத்துவர் இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று கேட்கிறது. துணிவு, பரிவு, இடமறிந்து நடக்கும் விவேகம் எல்லாம் பயிற்சியால் படிவன என்கிறது. உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் விவேகத்துக்கு நோயாளி ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. குணத்தை மட்டும் நம்பும் கோட்பாடு, அந்தக் குணத்துக்கு நேரம் எங்கே என்று கேட்பதில்லை என்பது என் மனக்குறை.

அமெரிக்க மருத்துவர்கள் தலைகீழாக மாறியதற்கு இன்னொரு காரணம் உண்டு என்றேனே, இப்போது அதற்கு வருவோம். 1932-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகீ என்ற ஊரை ஒட்டிய பகுதியில், அரசுப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு ஆய்வைத் தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள்; அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். நோயைச் சிகிச்சையில்லாமல் விட்டால் உடலை என்ன செய்யும் என்று பார்ப்பதே நோக்கம். அவர்களிடம் நோயின் பெயர் சொல்லப்படவில்லை. 'கெட்ட ரத்தம்' என்று சொன்னார்கள். 1940-களின் பிற்பகுதியில் பெனிசிலின் வழக்கமான சிகிச்சையாக வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-இல் பத்திரிகையில் வெளிவரும்வரை 40 வருடங்கள் நடந்தது.

'கெட்ட ரத்தம்', 'அல்சர்'. சொல்லும் நோக்கங்களுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஒப்பிடுவதே மகனுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு விஷயம் ஒன்றுதான்: மென்மையான சொல் ஒன்றின் பின்னால் தன் உடலைப் பற்றிய முடிவுகள் வேறு யாராலோ எடுக்கப்படுகின்றன, அவை அன்பால் எடுக்கப்படுகின்றனவா அலட்சியத்தாலா என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியில்லை. டஸ்கிகீக்குப் பிறகு அமெரிக்கா, மருத்துவரின் நல்லெண்ணத்தை நம்புங்கள் என்று சொல்லும் தெம்பை இழந்தது. ஆய்வுகளில் பங்கேற்கும் மனிதரைப் பாதுகாக்க 1974-இல் ஒரு தேசிய ஆணையம் அமைந்தது. அதன் பெல்மான்ட் அறிக்கை 1979-இல் வெளிவந்தது. அதே வருடம் டாம் போஷாம்ப், ஜேம்ஸ் சில்ட்ரஸ் இருவரும் எழுதிய புத்தகம் ஒன்று, இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நான்கையும் வகுத்தது: நோயாளியின் தன்னுரிமை, தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நீதி.

காண்டா மில்லா என்று கட்சி கட்டாமல், இருவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நடுமட்டத்தில் நின்று பேசலாம் என்பது இந்த நான்கின் கெட்டிக்காரத்தனம். இவை ஒன்றோடொன்று மோதினால் எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அதன் பலவீனம். எந்த ஒன்றும் மற்றவற்றைவிட உயர்ந்ததில்லை என்று அவர்கள் சொன்னாலும், நடைமுறையில் தன்னுரிமை முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. சிகாகோவில் அது அவ்வளவாக உறுத்தாது. நம்மூரில் நோயாளி தனியாக மருத்துவரிடம் வருவதே குறைவு. கூட நாலு பேர் வருகிறார்கள், பில்லை மகன் கட்டுகிறார், ஆபரேஷன் தேதியை மருமகளின் லீவு தீர்மானிக்கிறது. இங்கே 'தன்' என்றால் எதுவரை?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1995 மே மாதம் டெல்லியில், நீண்டநாள் ரத்தப்போக்கு என்று 44 வயதான, திருமணமாகாத பெண் ஒருவர் மருத்துவரிடம் போனார். சிறு துளை வழியாக வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்ப்பதற்கும் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் தியேட்டரிலிருந்து வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் கர்ப்பப்பையை எடுக்க ஒப்புதல் வாங்கினார். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது: வயது வந்த, அறிவு தெளிவுள்ள ஒருவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காகத் தாய் அவருக்குப் பதிலாக ஒப்புக்கொள்ள முடியாது. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்குக் கொடுத்தது ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே காத்திருக்காமல் செய்யலாம்.

எத்தனையோ குடும்பங்களில் இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிற காரியம் என்று யோசித்துப் பாருங்கள். பெற்ற தாய், ஆஸ்பத்திரி வராந்தா, அவசரமாக நீட்டப்படும் பேப்பர். மருத்துவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இன்னொரு ஆபரேஷனை மிச்சப்படுத்தலாம் என்ற நினைப்பு பயன்வாதக் கணக்கில் தவறே இல்லை. ஆனாலும் ஒப்புதல் மீறப்பட்டது. மருத்துவருக்கு அறுவைச் சிகிச்சைக் கட்டணம் கிடையாது, இழப்பீடு 25,000 ரூபாய். இந்தத் தொகையை வைத்து அந்தத் தீர்ப்பை எடைபோடுபவர்கள் உண்டு. எனக்கும் அது குறைவாகத்தான் படுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எவ்வளவு விவரம் சொல்ல வேண்டும் என்ற கேள்வியில், அமெரிக்க நீதிமன்றங்கள் வைத்த கடுமையான அளவுகோல் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்று சொல்லி, இங்கிலாந்து வழியிலான 'உண்மையான ஒப்புதல்' என்ற சற்றுத் தளர்வான அளவை நீதிமன்றம் தேர்ந்தெடுத்தது. யார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில் கறாராகவும், எவ்வளவு தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில் தளர்வாகவும் நின்ற தீர்ப்பு அது.

தன்னுரிமையைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே ஒரு எதிர்க்கேள்வி உண்டு. 1980-களின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர். சிறுநீரகம் விற்றவர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தார்கள். 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனை குற்றமானது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றிருந்தார்கள். விற்றுச் சில வருடங்கள் கழித்தும் அவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்கலாமா என்று யோசிப்பவருக்கு என்ன சொல்வீர்கள் என்றால், 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றே சொல்வோம் என்றார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். என் உடல், என் முடிவு என்று சொன்னால் தன்னுரிமை திருப்தி அடைந்துவிடும். வாங்குபவர் பிழைக்கிறார், விற்பவருக்குப் பணம் என்று முதல் வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் பயன்வாதமும் தலையாட்டிவிடும். நான்காவதாக வரிசையில் நின்ற நீதிதான், ஏன் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தெருக்களிலிருந்து வந்தார்கள் என்று கேட்கிறது. வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கும்போது போட்ட கையெழுத்தைச் சுதந்திரம் என்று எண்ணுவதா? பெரும்பாலான மருத்துவ அறப் பாடங்களில் நீதிக்குக் கடைசி இரண்டு பக்கம்தான் ஒதுக்குவார்கள். நம் நாட்டில் அதை முதலில் வைத்துத் தொடங்கியிருக்க வேண்டும்.

சரி, உறவை உரிமைக்கு எதிராளியாகவே பார்க்க வேண்டுமா? 1982-இல் அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன், அறம் என்றால் விதிகளும் உரிமைகளும்தான் என்ற பார்வை ஆண்களின் அனுபவத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது என்று வாதிட்டார். அதிலிருந்து வளர்ந்த பராமரிப்பு அறம், யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள், அந்தச் சார்பு எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று கேட்கிறது. இதற்கு மும்பை கே.இ.எம். மருத்துவமனையைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்ட நிலையில், அதே மருத்துவமனைப் படுக்கையில் 2015 மே மாதம் இறக்கும்வரை இருந்தார். உணவை நிறுத்தி அவரை விடுவிக்க வேண்டும் என்று அவரைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2011-இல் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் தகுதி அவரை இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அவர்கள் அருணா வாழ வேண்டும் என்றார்கள். முப்பத்தாறு வருடம் படுத்தே இருந்தவர் உடலில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் செவிலியர்கள் புரட்டிப் படுக்கவைத்ததை எந்த உரிமைக் கோட்பாட்டாலும் விளக்க முடியாது. அருணா என்ன விரும்பியிருப்பார் என்பதற்கு அந்தப் பராமரிப்பாலும் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த வழக்கு திறந்த வழியில்தான் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது; 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது நம் பெரியவர் நினைத்தால், வென்டிலேட்டர் வேண்டாம், வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதிவைக்கலாம். அல்சருக்கு யாரும் அப்படி எழுதிவைக்க மாட்டார்கள்.

பராமரிப்பு அறம் மகனை மருத்துவருக்கு வேறு விதமாகக் காட்டுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வாந்திக்குப் பாத்திரம் பிடிக்கப்போகிறவர்கள் இந்த வீட்டார்தான் (உண்மையில் அது பெரும்பாலும் மனைவியோ மருமகளோ, கதவைச் சாத்திக்கொண்டு பேச வந்தவர் மகன் என்பதையும் கவனிக்க வேண்டும்). அவர்களை எதிர்க்கட்சியாக்கிவிட்டு அப்பாவிடம் மட்டும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டுப் போவது கடமை முடிந்த நிம்மதியை மருத்துவருக்குத் தரலாம். அந்த வீட்டுக்கு ஒன்றும் தராது.

இந்திய மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இதில் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. அப்புறம், நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்புள்ள நண்பருக்கோ, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நலம் பயக்கும் அளவு விவரம் தெரிந்திருப்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நான் மேலே எழுதிய சண்டை முழுவதும் அந்த 'ஓ'க்களுக்குள் அடங்கிவிட்டது. மகனும் இந்த விதியைக் காட்டலாம், அப்பாவும் காட்டலாம். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதமே நிறுத்திவைத்தது. பழைய விதிகளே தொடர்ந்தன.

கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-இல் வட அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஆறு படிகள் கொண்ட முறை ஒன்றை எழுதினார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது படி. செய்தியைச் சொல்வதற்கு முன், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே கேட்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றினால், 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' என்ற குறளில் நோயின் அளவுக்கு முன்னால் நோயாளியின் அளவு வருவதை நினைத்துக்கொள்ளலாம். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. அதை அவர் சார்பில் மகன் எடுத்துக்கொள்வதற்கும் அவரே எடுத்து மகன் கையில் கொடுப்பதற்கும் வித்தியாசம் பெரிது. காண்டுக்கும் மில்லுக்கும் கில்லிகனுக்கும் பெரிதாக ஆட்சேபம் இருக்காத ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே நம் மருத்துவர் மகனிடம் இப்படிச் சொல்லலாம்: "நானா எதையும் போட்டு உடைக்க மாட்டேன் தம்பி. ஆனா அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவர்கிட்டயே கேட்கிறேன், நீங்களும் கூட இருங்க." அப்புறம் கதவைத் திறந்து பெரியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஐயா, டெஸ்ட் முடிவு வந்திருக்கு. சில பேர் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு சொல்வாங்க, சில பேர் வீட்டுல இருக்கவங்ககிட்ட சொல்லுங்கன்னு சொல்வாங்க. உங்களுக்கு எப்படி?" என்று கேட்கலாம்.

பெரியவர் மகனை ஒரு தடவை பார்க்கிறார். "அவன்கிட்ட சொல்லுங்க டாக்டர், மருந்து மாத்திரையெல்லாம் அவன் பார்த்துக்குவான்," என்கிறார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தை மாசம் பேத்தி கல்யாணம். அதுக்கு முன்னாடியே வெச்சுக்கட்டுமா?"